சோறு எங்கிருந்து வருகிறது? வயலில் கற்ற பாடம்

2025-ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறையில் எங்கள் பங்கின் மறைக்கல்வி மாணவ மாணவியர் நாற்பது பேரை அழைத்துக்கொண்டு காவிரி டெல்டாவில் உள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றோம். எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் நகரத்துப் பிள்ளைகள். நெல் வயலைப் பேருந்தின் சன்னல் வழியாக மட்டுமே பார்த்தவர்கள் அவர்களில் பலர்.

போகும் வழியில் ஒரு கேள்வி கேட்டோம். "நாம் சாப்பிடுகிற சோறு எங்கிருந்து வருகிறது?" ஒருவன் "கடையிலிருந்து" என்றான். இன்னொருத்தி "நெல்லிலிருந்து" என்றாள். பின் இருக்கையில் இருந்த ஒரு சிறுவன், "ரேஷன் கடையிலேர்ந்து சார்" என்றான். பேருந்து முழுவதும் சிரிப்பு. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வயல் வரப்பில் எங்களை வரவேற்ற விவசாயியிடம் பிள்ளைகள் இதையும் சொல்லிச் சிரித்தார்கள். அவரோ சிரிக்கவில்லை. "தம்பி சொன்னது சரிதாம்ப்பா. எங்க வீட்டுக்கும் அரிசி ரேஷன் கடையிலேர்ந்துதான் வருது. வெளையிற நெல்லு பூரா கொள்முதலுக்குப் போயிடும். அவிச்சு, காய வச்சு, அரைச்சு வைக்க இப்ப யாரு வீட்ல ஆளு இருக்கு?" என்றார்.

பிள்ளைகள் அமைதியானார்கள். நெல்லை விளைவிக்கும் வீட்டுக்கே அரிசி வெளியிலிருந்து வருகிறது! உணவு எங்கிருந்து வருகிறது என்பது நாம் நினைப்பதுபோல் அவ்வளவு எளிதான கேள்வி அல்ல என்பதை அன்று அவர்கள் மட்டுமல்ல, அழைத்துச் சென்ற நாங்களும் உணர்ந்தோம்.

ஒரே நாளில் இரண்டு பருவங்கள்

செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் டெல்டாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு பக்கம் குறுவை அறுவடை நடக்கும். மறுபக்கம் சம்பா நடவு நடக்கும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறப்பது வழக்கம். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில் தண்ணீர் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். 2024-இல் தண்ணீர் போதாமல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். 2025-இல் உரிய நாளிலேயே திறந்ததால் குறுவை நன்றாக விளைந்திருந்தது.

குறுவை ஏறக்குறைய 110 நாள் பயிர். சம்பாவுக்கு வயது இன்னும் கூடுதல். 'இரண்டு நிமிடத்தில் தயார்' என்ற விளம்பரங்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, ஒரு கவளம் சோறு நான்கு மாதம் வெயிலிலும் மழையிலும் நின்று வருகிறது என்பதே முதல் பாடமாக இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கச் சொன்னபோது பாதிப் பேர் தயங்கினார்கள். இறங்கியவர்கள் அரை மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஏறிவிட்டார்கள். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களோ காலை ஆறு மணியிலிருந்து குனிந்த முதுகு நிமிராமல் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். "சும்மா நடுங்க பாப்பா, கோணலா இருந்தா நாங்க சரி பண்ணிக்கிறோம்" என்று அவர்களே பிள்ளைகளைத் தேற்றினார்கள்.

உலகெங்கும் இதே கதை

பிள்ளைகளுக்கு உணவின் பிறப்பிடம் தெரியவில்லை என்ற கவலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 2013-இல் பிரிட்டிஷ் ஊட்டச்சத்து நிறுவனம் ஐக்கிய இராச்சியத்தில் 27,500 பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், பாலாடைக்கட்டி செடியிலிருந்து கிடைக்கிறது என்று எண்ணியிருந்தார்கள். தக்காளி மண்ணுக்கு அடியில் விளைகிறது என்று சொன்னவர்களும் உண்டு!

அந்த நாட்டிலேயே எழுத்தாளர் மைக்கேல் மார்ப்பர்கோவும் அவர் துணைவியார் கிளேரும் 1976-இல் ஒரு நல்ல முயற்சியைத் தொடங்கினார்கள். நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் டெவன் பகுதியில் உள்ள பண்ணை ஒன்றுக்கு வந்து ஒரு வாரம் தங்குவார்கள். சுற்றிப் பார்ப்பதற்காக அல்ல, வேலை செய்வதற்காக. மாட்டுக்குத் தீவனம் வைப்பது, கோழிக்கூண்டைச் சுத்தம் செய்வது, காய்கறி பறிப்பது என்று அவர்களுக்கு அன்றாட வேலைகள் இருக்கும். ஜப்பான் நாடு 2005-இல் உணவுக் கல்விக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது.

நம் நாட்டில், 2020-இல் வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8-ஆம் வகுப்பு மாணவர்கள் 10 நாள்கள் புத்தகப்பை இல்லாமல் உள்ளூர்க் கைவினைஞர்கள், தோட்டக்காரர்கள் போன்றோரிடம் கற்க வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழக அரசு ஏற்கவில்லை. ஏற்பதா மறுப்பதா என்பது வேறு விவாதம். ஆனால் வகுப்பறைக்கு வெளியே, உழைக்கும் மனிதர்களிடமிருந்து பிள்ளைகள் கற்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

சுற்றுலாவா? கல்வியா?

அதேநேரம் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பெருநகரங்களைச் சுற்றிக் கட்டணம் வாங்கிக்கொண்டு 'கிராமத்து அனுபவம்' தரும் பண்ணைகள் பெருகி வருகின்றன. மாட்டு வண்டிச் சவாரி, பம்பு செட்டுக் குளியல், வாழை இலைச் சாப்பாடு, கைப்பேசியில் படம். மாலையில் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார்கள். மகிழ்ச்சியில் தவறேதும் இல்லை. ஆனால் அவர்கள் பார்த்தது என்ன? பயிரைப் பார்த்தார்கள், மாட்டைப் பார்த்தார்கள், மனிதரைப் பார்க்கவில்லை. கடன், கூலி, குத்தகை, கொள்முதல் விலை ஆகிய சொற்களில் ஒன்றுகூட அவர்கள் காதில் விழவில்லை.

உணவு எங்கிருந்து வருகிறது என்பது பாதிக் கேள்விதான். அது யாரிடமிருந்து வருகிறது, அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதே மறுபாதி. அந்த மறுபாதியைக் கேட்காத வயல் பயணம் வெறும் உல்லாசப் பயணமே!

ஒரு தட்டுச் சோற்றின் கணக்கு

ஆகவே நாங்கள் அன்று மரத்தடியில் அமர்ந்து ஒரு கணக்குப் போட்டோம். பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு மத்திய அரசின் அளவு, ஒரு வேளைக்கு 100 கிராம் தானியம். நெல்லை அரைத்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அரிசி கிடைக்கும். மற்றவை உமியும் தவிடும். அப்படியானால் ஒரு தட்டுச் சோற்றுக்கு 150 கிராம் நெல் வேண்டும்.

2025-26 கொள்முதல் பருவத்துக்கு மத்திய அரசு சாதாரண இரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் விலை அறிவித்தது. தமிழக அரசு 131 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2,500 ரூபாய் ஆக்கியது. அதாவது ஒரு கிலோ நெல்லுக்கு 25 ரூபாய். 150 கிராமுக்கு? ஒரு மாணவி உடனே சொன்னாள்: "மூன்று ரூபாய் எழுபத்தைந்து காசு."

ஆம், நம் தட்டில் இருக்கும் சோற்றுக்காக அதை விளைவித்தவருக்குக் கிடைப்பது நான்கு ரூபாய்க்கும் குறைவு. பள்ளி வாசலில் விற்கும் சிறிய சிப்ஸ் பாக்கெட்டின் விலைகூட இல்லை. அந்த 150 கிராம் நெல் விளைய எவ்வளவு தண்ணீர் தேவை? ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அப்படியானால் ஒரு தட்டுக்கு 375 லிட்டர்!

ஓர் ஏக்கரில் 20 குவிண்டால் விளைந்தால் நல்ல விளைச்சல். 13,000-க்கும் மேற்பட்ட தட்டுச் சோறு. விவசாயிக்கு வரவு 50,000 ரூபாய். "பரவாயில்லையே" என்றான் ஒருவன். உடனே அந்த விவசாயி அவன் நோட்டை வாங்கிச் செலவை எழுதத் தொடங்கினார். உழவு, விதை, நாற்றங்கால், நாற்றுப் பறிப்பு, நடவு, களை, உரம், பூச்சிமருந்து, அறுவடை இயந்திர வாடகை, மூட்டைப் பிடிப்பு, ஏற்றுக்கூலி. பட்டியல் ஒரு பக்கம் முழுவதும் நீண்டது. கடைசி வரியில் 'குத்தகை' என்று எழுதினார். நிலம் அவருடையதல்ல என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. எல்லாம் கழித்தபின் நின்ற தொகையைப் பார்த்த ஒருவன் சொன்னான்: "எங்க அண்ணன் வச்சிருக்கிற போன் வெலகூட வரல சார்."

சொந்த நிலம் உள்ளவர்கள் நிலையும் பெரிதாக வேறல்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு விவசாயியின் சராசரி நில அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நாடு முழுவதும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் வேளாண்மையைச் சார்ந்த 11,290 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. அவர்களில் 6,083 பேர் விவசாயக் கூலித் தொழிலாளர்கள். இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது இதே செலவுப் பட்டியல்தான்.

சேற்றில் இறங்கிய மாணவி

அன்று நடந்த மற்றொரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிள்ளைகள் தடுமாறி நட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி மட்டும் வேகமாகவும் வரிசை பிசகாமலும் நட்டாள். இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்து, விரலால் அழுத்தி, ஒரே சீராகப் பின்னோக்கிச் சென்றாள். நடவுப் பெண்களே வியந்தார்கள். "யாரும்மா ஒனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று ஒருவர் கேட்டார். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கம்மா" என்றாள்.

அவளோடு மூன்று ஆண்டுகளாகப் படிக்கும் தோழியருக்கு அவள் தாயார் நகரத்துக்கு வெளியே வயல் வேலைக்குப் போகிறவர் என்பது தெரியாது. வீட்டில்தான் இருக்கிறார் என்று அவள் சொல்லியிருந்தாளாம். ஏன் மறைத்தாள்? நாம்தானே காரணம்! "படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்" என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிச் சொல்லி, மண்ணில் உழைப்பதைத் தண்டனையாக்கி வைத்திருக்கிறோம். உழவுக்கு வந்தனை செய்வோம் என்று மேடையில் முழங்கிவிட்டு, உழவர் வீட்டுப் பிள்ளை தன் தாயின் தொழிலைச் சொல்ல வெட்கப்படும்படி வைத்திருப்பது நம் சமூகத்தின் இரட்டை வேடம் அல்லவா?

அந்த வெட்கத்துக்குப் பின்னால் சாதியும் இருக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. இந்தியாவில் 2001-இல் சாகுபடியாளர்கள் 12.73 கோடிப் பேர், விவசாயக் கூலிகள் 10.68 கோடிப் பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாகுபடியாளர்கள் 11.88 கோடியாகக் குறைந்தார்கள். கூலிகள் 14.43 கோடியாக உயர்ந்தார்கள். பயிரிடுவோர் குறைய, நிலமற்றுக் கூலிக்கு உழைப்போர் பெருகினார்கள். டெல்டாவில் அப்படி உழைப்பவர்களில் பெரும்பகுதியினர் தலித் மக்கள். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் பின்னணியில் 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, கிறிஸ்து பிறப்பு விழா நாளின் இரவில், கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் தீயில் கருகினார்கள். நம் தட்டுக்குச் சோறு வந்த வழியில் அந்த ஊரும் இருக்கிறது. பச்சைப் பசேல் என்று வயலைக் காட்டும் நாம் இந்த வரலாற்றையும் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது பேருந்தில் அந்த மாணவியைச் சுற்றி ஒரு கூட்டம். நாற்று முடி எப்படிக் கட்டுவது, அட்டைப்பூச்சி கடித்தால் என்ன செய்வது என்று கேள்விமேல் கேள்வி. அன்று அவள் ஆசிரியை!

மழை பெய்த இரவு

மாலையில் நாங்கள் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றையும் பார்த்தோம். 40 கிலோ மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. எடைபோட முறை வராத நெல், சாலை ஓரத்தில் குவியல் குவியலாகக் கிடந்தது. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போனால் கொள்முதல் செய்ய விதி இடம் தராது என்பதால் நெல்லைக் கிளறிக் காயவைத்துக்கொண்டு இரவும் பகலும் காவல் இருந்தார்கள். காலையில் நாங்கள் பார்த்த விவசாயியின் நெல்லும் அங்கே இருந்தது.

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நெல் மூட்டைகள் நனைந்து முளைவிட்ட படங்கள் நாளிதழ்களில் வந்தன. ஈரப்பத வரம்பை 22 விழுக்காடாக உயர்த்தும்படி மாநில அரசு மத்திய அரசைக் கேட்டது. மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்தன. கொள்முதல் தாமதத்துக்கு யார் காரணம் என்று கட்சிகள் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. ஒவ்வோர் ஆண்டும் நாம் பார்க்கும் செய்திதான். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

ஆனால் அந்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு தொடங்குமுன் ஒரு மாணவன் வந்து கேட்டான்: "சார், அந்தத் தாத்தாவோட நெல்லு நனைஞ்சிருக்குமா?"

கேட்டவன் வேறு யாருமல்ல. பேருந்தில் 'ரேஷன் கடை' என்று சொல்லித் தலைகுனிந்த அதே சிறுவன். தொலைபேசியில் விசாரித்தோம். அவருடைய நெல் மழைக்கு முன்பே எடைபோடப்பட்டுவிட்டது. பக்கத்து வயல்காரருடையது நனைந்துவிட்டது. அதைக் கேட்டு அவன் மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமல் நின்றான். வயல் பயணத்தின் பயன் என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஒரு கேள்வியைத்தான் சொல்வோம். செய்தியில் வரும் 'விவசாயி' என்ற சொல்லுக்கு அவன் மனத்தில் இப்போது ஒரு முகம் இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

பெற்றோரும் ஆசிரியர்களும் பங்கு இளையோர் அமைப்புகளும் எண்ணிப் பார்க்கச் சில கருத்துகள்:

ஒன்று, ஒருமுறை போவதோடு நிறுத்த வேண்டாம். நடவுக்குப் போன பிள்ளைகள் அதே வயலுக்குக் களை எடுக்கும்போதும் அறுவடையின்போதும் போகட்டும். பயிர் வளர்வதைப் பார்த்தால்தான் நான்கு மாதம் என்பதன் பொருள் புரியும்.

இரண்டு, உழைப்பவர்களே பாடம் நடத்தட்டும். விவசாயியும் நடவுப் பெண்களும் பேச, நாம் கேட்போம். அவர்கள் நமக்காக ஒதுக்கும் நேரம் அவர்களுடைய கூலி நேரம் என்பதை மறவாமல், அதற்குரிய தொகையைக் கொடுப்போம். வாழ்த்தும் சால்வையும் மட்டும் போதா.

மூன்று, வயலோடு நின்றுவிடாமல் கொள்முதல் நிலையம், அரிசி ஆலை, ரேஷன் கடை, சந்தை ஆகியவற்றையும் காட்டுவோம். உணவின் பாதை முழுவதும் தெரியட்டும். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் மறைந்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்கள், மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற 170-க்கும் மேற்பட்ட மரபு நெல் இரகங்களை மீட்டெடுத்த முயற்சியோடு சேர்ந்து வளர்ந்தவை. கரூர் மாவட்டம் கடவூர் அருகே மறைந்த நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் இன்னொரு பள்ளி. இவற்றையும் பிள்ளைகள் அறியட்டும்.

நான்கு, திரும்பி வந்தபின் தட்டைப் பார்ப்போம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கையின்படி, 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. உணவை வீசி எறிவது ஏழைகளின் மேசையிலிருந்து திருடுவதற்கு ஒப்பானது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013-ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று எச்சரித்தார். நம் திருமண மண்டபங்களிலும் திருவிழா அன்னதானங்களிலும் இலையோடு சுருட்டி எறியப்படும் சோற்றை எண்ணிப் பார்ப்போம்.

அன்பு வாசகர்களே, உணவுக்கு முன் நன்றி சொல்லும் பழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அந்த நன்றி இறைவனைச் சேருமுன், முதுகு வளைந்து நாற்று நட்டவரையும், தார்ப்பாய் போட்டு நெல்லுக்குக் காவல் இருந்தவரையும் தொட்டுச் செல்ல வேண்டாமா? அவர்களை நாம் பார்த்ததே இல்லையென்றால் எப்படித் தொடும்? பிள்ளைகளை வயலுக்கு அழைத்துச் செல்வோம். நாமும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குவோம். சம்பா அறுவடைக்கு வருகிறோம் என்று அந்த விவசாயிக்கு எங்கள் பிள்ளைகள் அன்றே சொல்லிவிட்டு வந்தார்கள். "வாங்க, கருக்கரிவாள் எடுத்து வைக்கிறேன்" என்றார் அவர்.